கொல்ல முடியாத ஃபைல்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு வேலையைப் பத்தி. கூட்டம் சேர்ந்து, திட்டம் போட்டு, வருஷக்கணக்கா குற்றம் பண்றவங்களை விசாரிக்கிற வேலை. ஆர்கனைஸ்டு க்ரைம் இன்வெஸ்டிகேட்டர்னு சொல்றோம் இல்லையா, அவங்க உண்மையில என்னதான் பண்றாங்க?

சினிமாவுல இந்த வேலை எப்படி இருக்கும்னு நமக்கு நல்லாவே தெரியும். ஒரு முரட்டு அதிகாரி டிரான்ஸ்ஃபர் ஆகி வருவார். சுவத்துல ஃபோட்டோ ஒட்டி சிவப்பு நூல் கட்டுவார். இன்டர்வெல்ல ஒரு சேஸ், கிளைமாக்ஸ்ல ஒரு என்கவுன்ட்டர். தலைவன் செத்ததும் படம் முடிஞ்சிரும். நிஜத்துல தலைவன் செத்தா மறுநாளே அந்த நாற்காலியில இன்னொருத்தன் உட்கார்ந்திருப்பான். பிரச்சனையே அங்கதான்.

சாதாரண கொலை வழக்குல கேள்வி ஒண்ணுதான்: யார் கொன்னது? சொத்துத் தகராறா, பழைய பகையான்னு காரணத்தைத் தேடிப் போனா ஆள் கிடைப்பான். ஆனா கொன்னவனுக்கும் செத்தவனுக்கும் முன்னப்பின்ன பழக்கமே இல்லன்னா? "செய்"னு ஒருத்தர் சொன்னார், இவன் செஞ்சான், அவ்வளவுதான்னா? சுட்டவனைப் பிடிச்சா சுட்டவன் மட்டும் உள்ள போவான். சொன்னவர் வீட்டுல உட்கார்ந்து டிவி பார்த்துக்கிட்டிருப்பார். பார்த்தவங்க யாரும் சாட்சி சொல்ல வர மாட்டாங்க.

அதனால இந்த மாதிரி வழக்குல கேள்வியையே மாத்த வேண்டியிருக்கு. இந்தக் கூட்டம் எப்படி இயங்குது, யார் யாருக்குக் கட்டுப்பட்டவங்க, காசு எந்த வழியா வந்து எந்த வழியா போகுது, இதையெல்லாம் கோர்ட் ஏத்துக்கிற மாதிரி எப்படிக் காட்டுறது?

இதுக்கு ஒரு பதிலைக் கண்டுபிடிச்ச சின்ன டீம் ஒண்ணு இருந்தது. இத்தாலியோட சிசிலித் தீவுல, பாலெர்மோ நகரத்துல, 1980கள்ல வேலை பார்த்தவங்க. அவங்களை வெச்சே இந்த வேலையை விளக்கலாம்னு இருக்கேன்.

மாஃபியான்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?

முதல்ல ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். மாஃபியாங்கிற பேர் உலகத்துக்கே தெரிஞ்ச பிறகும், சிசிலியில ரொம்பப் பேர் "அப்படி ஒரு அமைப்பே கிடையாது"ன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. அது ஒரு குணம், பழைய பழக்கம், பத்திரிகைக்காரங்க கட்டுற கதைன்னு பேச்சு. 1960கள்ல மாஃபியா ஆட்களை மொத்தமா நிறுத்தி ரெண்டு பெரிய வழக்கு நடந்தது. 1968ல கட்டன்சாரோ நகரத்துல வந்த தீர்ப்புல பெரும்பாலானவங்க தப்பிச்சாங்க. அடுத்த வருஷம் பாரி நகரத்துல எல்லாருமே விடுதலை. ஆதாரம் போதாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு.

இங்கதான் ஜொவான்னி ஃபால்கோனே வர்றார். 1939ல பாலெர்மோவுலயே பிறந்தவர். அதே வட்டாரத்துல அவரோட பந்து விளையாடி வளர்ந்தவர் பாவ்லோ போர்செல்லினோ. பின்னாடி ரெண்டு பேருமே நீதித்துறைக்குப் போனாங்க.

இந்த இடத்துல ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர்ல விசாரிக்கிறது போலீஸ், தீர்ப்பு சொல்றது நீதிபதி. அன்னைக்கு இத்தாலியில 'விசாரணை நீதிபதி'ன்னு தனியா ஒரு பதவி இருந்தது. ஆதாரம் திரட்டுறது, சாட்சியை விசாரிக்கிறது, வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமான்னு முடிவெடுக்கிறது எல்லாம் அவர் பொறுப்பு. தீர்ப்பு சொல்றது வேற நீதிபதி. ஃபால்கோனே பார்த்தது இந்த வேலையைத்தான்.

மாஃபியா வழக்குகளுக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் திவால் வழக்குகளைப் பார்த்துக்கிட்டிருந்தார். கம்பெனி நொடிச்சுப் போச்சுன்னா அதோட கணக்குப் புத்தகத்தைப் பிரிச்சு, காசு எங்க போச்சுன்னு பார்க்கிற வேலை. கேட்கவே போரடிக்குது இல்ல? ஆனா அவரோட மொத்த முறையும் அங்கிருந்துதான் கிளம்புச்சு.

பேங்க் சீட்டுகள்

1980ல, அவரோட மேலதிகாரி ரொக்கோ கின்னிச்சி ஒரு வழக்கை ஃபால்கோனேகிட்ட கொடுத்தார். ரொசாரியோ ஸ்பாத்தோலாங்கிற கட்டட கான்ட்ராக்டர், அவரைச் சுத்தி இருக்கிற ஆட்கள். அமெரிக்காவுக்கு ஹெராயின் கடத்துறாங்கன்னு சந்தேகம்.

வழக்கமான வழி என்ன? சரக்கைத் தேடணும். ஆனா சரக்கு நகர்ந்துக்கிட்டே இருக்கும், கை மாறும், கடைசியில யாரோ ஒருத்தர் ரத்தத்துல கலந்து காணாமலே போயிடும். ஃபால்கோனே யோசிச்சது வேற மாதிரி. சரக்கு சிசிலியிலிருந்து அமெரிக்கா போகுதுன்னா, அமெரிக்காவிலிருந்து டாலர் சிசிலிக்கு வந்தே ஆகணும். டாலரை வெச்சு பாலெர்மோவுல நிலம் வாங்க முடியாது, கொத்தனாருக்குக் கூலி கொடுக்க முடியாது. எங்கேயாவது ஒரு பேங்க் கவுன்ட்டர்ல போய் லீராவா மாத்தித்தான் ஆகணும். மாத்தினா ஒரு சீட்டு இருக்கும்.

அதனால வட்டாரத்துல இருக்கிற பேங்க்குகளுக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். 1975லிருந்து வெளிநாட்டுப் பணம் மாத்தின சீட்டு எல்லாத்தையும் அனுப்பி வைங்கன்னு. பெட்டி பெட்டியா காகிதம் வந்தது. அன்னைக்கு எக்செல் ஷீட் கிடையாது. ஒவ்வொரு சீட்டையும் கையால எடுத்து, பேரை எழுதி, தொகையை எழுதி, அந்தப் பேர் வேற எந்தச் செக்குல, எந்தக் கம்பெனியில, எந்தக் கல்யாண உறவுல வருதுன்னு கோத்துக்கிட்டே போனார்.

நான் இதைப் படிச்சப்போ எனக்குப் பட்டது இதுதான்: ஒவ்வொரு சீட்டும் தனியா பார்த்தா ஒண்ணுமே இல்ல. ஒருத்தர் போய் டாலர் மாத்தினார், அது குற்றமா என்ன? ஆனா வேற வேற பேங்க்ல, வேற வேற வருஷத்துல, ஒருத்தரை ஒருத்தர் தெரியவே தெரியாதுன்னு சாதிக்கிற பத்துப் பேரோட காசு ஒரே இடத்துக்குப் போய்ச் சேருதுன்னா? அந்த உறவை எந்தச் சாட்சியும் சொல்ல வேண்டியதில்ல, சீட்டே சொல்லிடும். சாட்சியை மிரட்டலாம். பேங்க் சீட்டை மிரட்ட முடியாது.

அட்லான்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்க விசாரணையாளர்களும் இதே நூலோட மறுமுனையைப் பிடிச்சிருந்தாங்க. ஃபால்கோனே அவங்களோட நேரடியாப் பேச ஆரம்பிச்சார். அங்க ஹெராயின் வியாபாரத்துக்கு பீட்சா கடைகள் மறைவா இருந்ததால அந்த வழக்குக்கு 'பீட்சா கனெக்‌ஷன்'னே பேர் வந்தது. நியூயார்க்ல 1985லிருந்து 1987 வரைக்கும் அந்த விசாரணை நடந்தது. கடத்தல்காரங்களுக்கு நாட்டு எல்லை ஒரு தடையா இருந்ததே இல்ல. விசாரிக்கிறவங்களுக்குத்தான் அது தடையா இருந்தது.

ஒரே ஒரு கையெழுத்து

இப்போ இந்தக் கதையோட முக்கியமான இடத்துக்கு வர்றோம்.

அதே ஸ்பாத்தோலா வழக்குல, ஐம்பதுக்கும் மேற்பட்டவங்களோட கைதை உறுதிப்படுத்தி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பாலெர்மோவோட தலைமை அரசு வழக்கறிஞர் கயெத்தானோ கோஸ்டா. அவருக்குக் கீழ இருந்தவங்க கையெழுத்துப் போட மறுத்துட்டாங்க. சரின்னு கோஸ்டா தனியாளா அத்தனையிலும் கையெழுத்துப் போட்டார். 1980 ஆகஸ்ட் 6. சாயங்கால நேரம், நகரத்தோட நடுவுல, நடந்து போய்க்கிட்டிருந்த கோஸ்டாவைச் சுட்டுக் கொன்னாங்க.

யோசிச்சுப் பாருங்க. எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தா எட்டுப் பேரையும் கொல்லணும். எட்டுப் பேரைக் கொல்றது ஒரு கூட்டத்துக்கு ரொம்பக் கஷ்டம், அதுல லாபமும் இல்ல. ஒருத்தர் மட்டும் போட்டதால, "இவர் இல்லன்னா இது நடக்காது"ன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஒரு விசாரணையாளர் கொல்லப்படுறதுக்கு அவரோட தைரியம் மட்டும் காரணம் கிடையாது. பக்கத்துல இருந்தவங்க விலகி நின்னதும் சேர்ந்துதான் அவரைக் குறி ஆக்குது.

அதுக்கப்புறம் வரிசையா நடந்தது. 1982 ஏப்ரல் 30ல பியோ லா தோர்ரேங்கிற கம்யூனிஸ்ட் எம்.பி. கொல்லப்பட்டார். மாஃபியாவுக்கு எதிரா ஒரு சட்ட மசோதா கொண்டு வந்தவர் அவர். அது நாடாளுமன்றத்துல கிடந்து ஊறிக்கிட்டிருந்தது. செப்டம்பர் 3ல பாலெர்மோவுக்குப் புதுசா வந்திருந்த ஜெனரல் தல்லா கியேசாவும் அவர் மனைவியும் காரிலேயே கொல்லப்பட்டாங்க. அதுக்கு அப்புறம் பத்தே நாள்ல, செப்டம்பர் 13 அன்னைக்கு, அந்தச் சட்டம் நிறைவேறிடுச்சு.

அந்தச் சட்டம் ரெண்டு விஷயம் பண்ணுச்சு. ஒண்ணு, மாஃபியா மாதிரி அமைப்புல உறுப்பினரா இருக்கிறதே குற்றம். இத்தாலியத் தண்டனைச் சட்டத்துல 416 பிஸ்னு அந்தப் பிரிவுக்குப் பேர். பயமுறுத்துற சக்தியையும், ஊர்ல யாரும் வாய் திறக்காத நிலைமையையும் பயன்படுத்தி ஒரு கூட்டம் தொழிலையோ டெண்டரையோ கைப்பற்றினா அது மாஃபியா. ரெண்டாவது, சொத்துப் பறிமுதல். ஜெயிலுக்குப் போறது அவங்களுக்குத் தொழில்ல வர்ற ஒரு செலவு மாதிரி. சொத்து போறதுதான் வலிக்கும். லா தோர்ரேக்கு அது தெரிஞ்சிருந்தது.

ஒரு ஃபைல், நாலு தலை

1983 ஜூலை 29. கின்னிச்சி காலையில வீட்டு வாசல்ல காருக்குப் போறார். ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு சின்ன ஃபியட் காருக்குள்ள குண்டு. அவரோட ரெண்டு பாதுகாவலர்களும், அந்தக் கட்டடத்தோட வாட்ச்மேனும் சேர்ந்து செத்தாங்க.

அவரோட நாற்காலிக்கு வந்தவர் அன்தோனினோ கபொன்னெட்டோ. ஃபிளாரன்ஸ்ல வேலை பார்த்துக்கிட்டிருந்தவர், வயசு அறுபதைத் தாண்டியிருந்தது. ரிட்டயர்மென்ட்டை எதிர்பார்த்து உட்கார வேண்டிய வயசுல இந்தப் பதவியைக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தார். பாலெர்மோவுல அவருக்கு வீடு கூட இல்ல. பாதுகாப்புப் படையோட முகாம்ல ஒரு ரூம்லதான் பல வருஷம் இருந்தார்.

அவர் ஒரு மாற்றம் பண்ணார். வட இத்தாலியில தீவிரவாத வழக்குகளை விசாரிச்ச நீதிபதிகள் ஏற்கனவே குழுவா வேலை பார்த்துக்கிட்டிருந்தாங்க. அதே முறையை இங்க கொண்டுவந்தார். ஃபால்கோனே, போர்செல்லினோ, தி லெல்லோ, குவார்னோத்தா, இந்த நாலு பேர். இவங்களுக்கு மாஃபியா வழக்கு மட்டும்தான். ஒருத்தருக்குத் தெரிஞ்சது நாலு பேருக்கும் தெரியணும். ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும், ஒவ்வொரு பேங்க் சீட்டுக்கும் நகல் இருக்கணும்.

இதை இத்தாலியில 'பூல்'னு சொன்னாங்க. ஆபீஸ்ல நாம ஷேர்டு டிரைவ் வெச்சுக்கிற மாதிரிதான். ஆனா இங்க அதுக்குப் பின்னாடி இருந்த கணக்கு வேற. எல்லாமே ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் இருந்தா, அந்தத் தலையில ஒரு தோட்டா பாய்ஞ்சா வழக்கு முடிஞ்சது. நாலு பேர்கிட்ட இருந்தா, ஒருத்தரைக் கொன்னாலும் வழக்கு மறுநாள் காலையில அதே மேஜையிலிருந்து தொடரும். அப்போ கொல்றதுல என்ன பிரயோஜனம்? அந்த நகல்கள்தான் அவங்களுக்குக் கிடைச்ச ஒரு பாதுகாப்பு.

இன்னொரு லாபமும் இருந்தது. இவர் மேஜையில இருக்கிற கொலை வழக்குல வர்ற கார், அவர் மேஜையில இருக்கிற டெண்டர் வழக்குல வர்ற கார். ரெண்டும் ஒரே கார்னு, ரெண்டு ஃபைலையும் படிச்சவங்களுக்குத்தானே தெரியும்?

உள்ளே இருந்தவர் பேசினால்

1984 ஜூலையில தொம்மாசோ புஷெட்டாங்கிறவரை பிரேசில்லிருந்து இத்தாலிக்குக் கொண்டுவந்தாங்க. பல வருஷம் மாஃபியாவுல இருந்த பெரிய ஆள். மாஃபியாவுக்குள்ளயே நடந்த சண்டையில அவரோட ரெண்டு மகன்களையும் இன்னும் பல சொந்தக்காரங்களையும் எதிர்க்கோஷ்டி கொன்னுருந்தது. அவர் ஃபால்கோனேகிட்ட பேச முடிவு பண்ணார்.

வாரக்கணக்கா பேசினார். ஃபால்கோனே பேனாவை எடுத்து கையாலயே எழுதினார். முந்நூறு பக்கத்துக்கு மேல வந்தது. மாஃபியாவை உள்ள இருக்கிறவங்க 'கோசா நோஸ்ட்ரா'ன்னு சொல்றாங்க, அதாவது 'நம்ம விஷயம்'. 'குடும்பம்'னு ஒரு அலகு. பத்துப் பத்து பேருக்கு ஒரு தலைவன். அதுக்கு மேல வட்டாரம். எல்லாத்துக்கும் மேல 'கமிஷன்'னு ஒரு குழு. பெரிய கொலை எதுவும் அதோட அனுமதி இல்லாம நடக்காது. இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். அனுமதி கொடுத்தே ஆகணும்னா, துப்பாக்கியைத் தொடாத தலைவரும் அந்தக் கொலைக்குப் பொறுப்பு. நான் ஆரம்பத்துல சொன்ன, டிவி பார்த்துக்கிட்டிருந்தவருக்கு அங்கதான் செக் விழுந்தது.

அடுத்த நொடியே கைது பண்ணிடலாம் இல்லையா? இல்ல. வேலையே இனிமேதான். ஒரு குற்றவாளி சொல்றதை நம்பி இன்னொருத்தரை ஜெயில்ல போட முடியாது. அவனுக்குப் பழி வாங்கணும்னு இருக்கலாம், தண்டனையைக் குறைச்சுக்கணும்னு இருக்கலாம். அதனால புஷெட்டா சொன்ன ஒவ்வொரு விஷயத்துக்கும் வெளியே இருந்து ஆதாரம் தேடினாங்க. இந்தத் தேதியில இந்த ஊர்ல சந்திச்சோம்னு சொன்னா, ஹோட்டல் பதிவேடு, விமான டிக்கெட், ஃபோன் பில். செப்டம்பர் கடைசியிலதான் கைது. ஒரே வீச்சுல 366 வாரண்ட்.

இந்தச் சரிபார்க்கிற வேலையை விட்டா என்ன ஆகும்? அதே காலத்துல நேப்பிள்ஸ் நகரத்துல நடந்தது. என்ஸோ தோர்தோரா, இத்தாலியில வீட்டுக்கு வீடு தெரிஞ்ச டிவி தொகுப்பாளர். கமோராங்கிற இன்னொரு குற்றக் கும்பலோட ஆளுன்னு சில கைதிகள் சொன்னதை நம்பி 1983ல அவரைக் கைது பண்ணாங்க. ஒரு கும்பல்காரரோட முகவரிப் புத்தகத்துல அவர் பேர் இருந்ததுன்னும் சொன்னாங்க. கடைசியில பார்த்தா, அதுல எழுதியிருந்தது 'தோர்தோனா'. கூட இருந்த ஃபோன் நம்பரும் அவரோடது இல்ல. ஆனா அதுக்குள்ள 1985ல அவருக்குப் பத்து வருஷத் தண்டனை கொடுத்தாச்சு. 1986ல அப்பீல்ல விடுதலை ஆனார். 1988ல கேன்சர்ல செத்துப்போனார்.

ரெண்டு வழக்குலயும் உள்ளே இருந்தவங்கதான் பேசினாங்க. ஒரு இடத்துல அதைத் தோண்டிப் பார்த்தாங்க, இன்னொரு இடத்துல அப்படியே எடுத்துக்கிட்டாங்க.

ஃபால்கோனே இதுல எவ்வளவு கறாரா இருந்தார்னு தெரிஞ்சுக்க ஒரு உதாரணம் போதும். 1989ல பெல்லெக்ரித்திங்கிற ஒரு கைதி, ஒரு பெரிய அரசியல்வாதிதான் ஒரு கொலைக்கு உத்தரவு போட்டார்னு வாக்குமூலம் கொடுத்தார். மக்கள் கேட்க ஆசைப்பட்ட வாக்குமூலம் அது. ஃபால்கோனே சோதிச்சுப் பார்த்தார். பொய்னு தெரிஞ்சது. அந்தக் கைதி மேலயே அவதூறு வழக்குப் போட்டார். அரசியல்வாதியைக் காப்பாத்துறார்னு அவருக்கு நல்லாத் திட்டு விழுந்தது. ஆனா அவர் மாத்திக்கல.

8,000 பக்கம்

1985 கோடைக்காலத்துல, இந்தக் குழுவோட சேர்ந்து வேலை பார்த்த ரெண்டு போலீஸ் அதிகாரிகளை அடுத்தடுத்து கொன்னாங்க. உடனே ஃபால்கோனேயையும் போர்செல்லினோவையும் குடும்பத்தோட அசினாராங்கிற ஜெயில் தீவுக்கு அனுப்பிட்டாங்க. வழக்கோட குற்ற ஆவணத்தை அங்க உட்கார்ந்து எழுதி முடிச்சாங்க. மொத்தம் 8,000 பக்கத்துக்கு மேல. திரும்பி வந்த பிறகு, தீவுல தங்கினதுக்கும் சாப்பிட்டதுக்கும் அரசாங்கம் அவங்களுக்கு பில் அனுப்பிச்சு. சிரிக்காதீங்க, உண்மையிலேயே அனுப்பிச்சாங்க.

1986 பிப்ரவரி 10ல விசாரணை ஆரம்பம். உச்சார்தோனே ஜெயிலை ஒட்டி, ராக்கெட் தாக்குதலைத் தாங்குற மாதிரி ஒரு கான்கிரீட் கோர்ட்டையே கட்டினாங்க. சுவரோரமா கம்பிக் கூண்டுகள். சுமார் 475 பேர் மேல குற்றச்சாட்டு. 'மேக்ஸி டிரையல்'னு இன்னைக்கும் சொல்றாங்க. 1987 டிசம்பர் 16ல தீர்ப்பு: 19 ஆயுள் தண்டனை, மத்தவங்களுக்கு மொத்தமா 2,665 வருஷ ஜெயில்.

114 பேர் விடுதலையும் ஆனாங்க. இது தோல்வின்னு சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோணல. அத்தனை பேரைக் கூண்டுல நிறுத்தி மொத்தமா தண்டிச்சிருந்தா அது வெறும் நாடகம். ஒவ்வொருத்தருக்கும் ஆதாரம் இருக்கா இல்லையான்னு தனித்தனியா பார்த்ததுக்கு அந்த 114தான் அடையாளம்.

பூல் கலைஞ்சது

இங்க முடிஞ்சிருந்தா நல்ல கதை. 1988ல கபொன்னெட்டோ அந்தப் பதவியிலிருந்து விலகினார். அந்த இடத்துக்கு ஃபால்கோனே வருவார்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க. நீதித்துறையோட உச்சக் குழு சீனியாரிட்டியைப் பார்த்து வேற ஒருத்தருக்குக் கொடுத்தது. அவர் மாஃபியா வழக்குகளை மத்த வழக்கு மாதிரியே எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுத்தார். ஒரே படமா இருந்தது மறுபடியும் துண்டு துண்டாச்சு. ஃபால்கோனே கொஞ்சம் கொஞ்சமா தனிமைப்பட்டார். 1989 ஜூன்ல, அவர் கடற்கரையில எடுத்திருந்த வீட்டுக்கிட்ட ஒரு பை நிறைய டைனமைட் இருந்தது. அது வெடிக்கல.

1991ல ரோம்ல நீதி அமைச்சகத்துக்குப் போனார். பயந்து ஓடிட்டார்னு கூட பேசினாங்க. அவர் அங்க போய்ச் செஞ்சது, பாலெர்மோவுல கலைஞ்சதை நாட்டு அளவுல கட்டினது. மாஃபியா வழக்குகளை ஒருங்கிணைக்க ஒரு தேசிய அலுவலகம், அதுக்குன்னு தனிப் புலனாய்வு அமைப்பு. ரெண்டுக்குமான சட்டம் அந்த வருஷக் கடைசிக்குள்ள வந்தது. தனி மனுஷங்களை நம்பி இருந்த ஏற்பாட்டை அவர் நிறுவனமா மாத்தினார்.

1992 ஜனவரி 30ல இத்தாலியோட உச்ச நீதிமன்றம் மேக்ஸி டிரையல் தீர்ப்பை உறுதி செஞ்சது. கமிஷனைப் பத்தி புஷெட்டா சொன்னதையும் ஏத்துக்கிச்சு. மாஃபியான்னு ஒரு அமைப்பு இருக்குங்கிறது அன்னையிலிருந்து சட்டப்படி உண்மை.

மே 23ல, விமான நிலையத்திலிருந்து பாலெர்மோ வர்ற நெடுஞ்சாலையில, கபாச்சிங்கிற ஊர்கிட்ட ரோட்டுக்கு அடியில வெச்ச வெடிமருந்து வெடிச்சது. ஃபால்கோனே, அவரோட மனைவி ஃபிரான்செஸ்கா மொர்வில்லோ, மூணு பாதுகாவலர்கள். 57 நாள் கழிச்சு, ஜூலை 19ல, அம்மாவைப் பார்க்கப் போன இடத்துல போர்செல்லினோவும் அஞ்சு பாதுகாவலர்களும்.

கொன்னுட்டாங்க. ஆனா வழக்கு நிக்கல. ஆறே மாசத்துல, 1993 ஜனவரி 15ல, 20 வருஷத்துக்கு மேல தலைமறைவா இருந்த தலைவர் தொத்தோ ரீனா பிடிபட்டார். அவருக்கு ஆயுள் தண்டனையை அந்தத் தீர்ப்பு ஏற்கனவே கொடுத்து வெச்சிருந்தது. கடைசிப் பெரிய தலைவர் மெஸ்ஸினா தெனாரோ 2023 ஜனவரியில ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல மாட்டினார். இடையில 1996ல இன்னொரு சட்டம்: பறிமுதல் பண்ண மாஃபியா சொத்தை ஊருக்கே பயன்படுத்தலாம். மாஃபியா கையில இருந்த நிலத்துல இன்னைக்கு கூட்டுறவுச் சங்கங்கள் கோதுமையும் திராட்சையும் விளைவிக்கிறாங்க.

இது நமக்கு எங்க வருது?

2000 டிசம்பர்ல, நாடு கடந்த குற்றக் கும்பல்களுக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்துல உலக நாடுகள் கையெழுத்துப் போட ஆரம்பிச்ச ஊர் பாலெர்மோ. அந்த ஊர் பேர்லதான் அதைச் சொல்றாங்க. இந்தியா 2011ல அதுல முழுசா சேர்ந்தது. மகாராஷ்டிராவுல 1999லயே மகோகான்னு ஒரு சட்டம் வந்துடுச்சு. 2024 ஜூலை 1லிருந்து நடைமுறையில இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவுல, 111வது பிரிவு அமைப்புரீதியான குற்றத்தை நாடு முழுக்க ஒரு தனிக் குற்றமா ஆக்கியிருக்கு. ஆள் கடத்தல், நில அபகரிப்பு, கூலிக்குக் கொலை, சைபர் குற்றம் எல்லாம் அதுக்குள்ள வரும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. இத்தாலியச் சட்டம், அந்தக் கூட்டம் பயத்தை எப்படிப் பயன்படுத்துதுன்னு பார்க்குது. நம்ம சட்டம், கடந்த பத்து வருஷத்துல ஒண்ணுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை இருக்கான்னு பார்க்குது. அப்போ ஒரு ஸ்டேஷன்ல இருக்கிற குற்றப்பத்திரிகையையும் இன்னொரு மாவட்டத்துல இருக்கிறதையும் ஒரே மேஜையில யாராவது வெச்சுப் பார்க்கணும். சட்டம் எவ்வளவு கடுமையா இருந்தாலும் அந்த மேஜை இல்லன்னா பிரயோஜனம் இல்ல. அங்க சரிபார்க்கிற பழக்கமும் இல்லன்னா இன்னும் ஆபத்து. நம்ம ஊர்லயும் ஒரு தோர்தோரா உள்ள போவார்.

கடைசியா, கேட்கிற உங்களுக்கு நேரடியா ஒண்ணு. இன்னைக்கு 'டிஜிட்டல் அரெஸ்ட்', போலி டிரேடிங் ஆப் இதுல எல்லாம் போற காசு முதல்ல எங்க விழுது தெரியுமா? யாரோ ஒரு காலேஜ் பையனோட, யாரோ ஒரு டெலிவரி பாய் அண்ணனோட சேவிங்ஸ் அக்கவுண்ட்ல. "உங்க அக்கவுண்ட்டைக் கொடுங்க, கமிஷன் தர்றோம், நீங்க எதுவும் பண்ண வேண்டாம்"னு மெசேஜ் வரும். 1980ல பாலெர்மோ பேங்க் கவுன்ட்டர்ல அடுத்தவன் டாலரை மாத்தி, சீட்டுல தன் பேரை எழுதினவங்களும் அதையேதான் நினைச்சிருப்பாங்க. விசாரணை வரும்போது அந்தச் சீட்டுல இருக்கிற பேர்லதான் ஆரம்பிக்கும். மேல இருக்கிறவன் பேர் அதுல இருக்காது, உங்க பேர்தான் இருக்கும். ஏற்கனவே காசை இழந்திருந்தீங்கன்னா 1930க்கு உடனே கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு சீக்கிரம் காசு நகர்றதை நிறுத்தப் பார்க்கலாம்.

அடுத்த தடவை யாராவது "ஒரு நல்ல ஆபீசர் வந்தா எல்லாம் சரியாயிடும்"னு சொன்னா, கோஸ்டாவோட கையெழுத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்த நல்ல ஆபீசரோட ஃபைலுக்கு எத்தனை நகல் இருக்கு, பக்கத்துல எத்தனை பேர் கையெழுத்துப் போடத் தயாரா இருக்காங்கன்னு கேளுங்க.

இந்த எபிசோட்ல உங்களுக்குக் கேள்வி இருந்தா எழுதுங்க, இன்னொரு எபிசோட்ல பேசலாம்.